பழைய ஜீப்புக்குப் பெரிய ரயரா? முதலில் பதிவுப் புத்தகத்தை விரியுங்கள்

யாழ்ப்பாணத்தில் மருதங்கேணிப் பக்கம் வலையும் மீன்பெட்டியும் ஏற்றி ஓடிய ஒரு பழைய ஜீப். உரிமையாளர் எனக்கு மாமா முறை. கடற்கரை மணலில் அடிக்கடி புதைகிறதென்று பெரிய ரயர் போட்டார், ஸ்பிறிங்கையும் உயர்த்தினார். றோட் லைசன்ஸ் (வருடாவருடம் எடுக்கும் வாகன வரி அனுமதிப்பத்திரம்), இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் ஒழுங்காக இருந்தன. மாரி காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்து மோதியது. பொலிஸ் நிலைய முற்றத்தில் நின்ற ஜீப்பை மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்த்தார். ரயர் சுவரில் இருந்த அளவு எண்ணை வாசித்தார், பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார், திரும்ப ரயரைப் பார்த்தார். அதற்குப் பிறகு குறுக்கே வந்தது யார் என்று கேட்பார் இல்லை. கேள்வியெல்லாம் ரயரைப் பற்றியே. மாமா மாதக்கணக்கில் அலைந்தார்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ பேர் கொட்டிலில் கிடந்த ஜீப்பைத் திருத்தி ஓட்டத் தொடங்கினார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். சாரம் ஒன்றுதான்: பதிவில் உள்ள விபரம் மாறினால் மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு அறிவிக்க வேண்டியது உரிமையாளர். உங்கள் பதிவுச் சான்றிதழில், அதாவது பதிவுப் புத்தகத்தில், ரயர் அளவுக்கு ஒரு கட்டம் உண்டு, உயரத்துக்கும் உண்டு. ரயர் மாறினால் முதலாவது பொய்க்கும். ஸ்பிறிங் என்ற சொல்லே அதில் இல்லாவிட்டாலும், தூக்கினால் இரண்டாவது பொய்க்கும்.

நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் றோட் லைசன்ஸ். "பிரதேச செயலகத்திலை லைசன்ஸ் தந்திட்டாங்கள், பிறகென்ன?" என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்! புகைப் பரிசோதனையில் பார்ப்பது புகையை மட்டும். லைசன்ஸ் தருகிற கவுண்டரில் பார்ப்பது புகைச் சான்றிதழையும் இன்சூரன்ஸையும். உங்கள் ரயரை அங்கே ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. பத்து வருடம் லைசன்ஸ் எடுத்திருந்தாலும் மாற்றத்துக்கு அனுமதி கிடைத்ததாக ஆகாது.

அடுத்தது ஓப்பன் பேப்பர், அதாவது பெயர் மாற்றாமல் கைமாறும் வாகனம். ஜீப்பை மூன்று கை மாறி வாங்கியிருப்பீர்கள், புத்தகத்திலோ முதல் ஆளின் பெயர். மாற்றத்துக்கு விண்ணப்பிக்கக்கூடியவர் பதிவு உரிமையாளர் மட்டும்தான். அவர் கனடாவில் இருக்கிறாரோ, காலமாகிவிட்டாரோ, கவுண்டரில் அது எடுபடாது. ஆகவே முதலில் பெயரை மாற்றுங்கள், ரயர் பிறகு. லீசிங் முடியாத வாகனமென்றால் அந்த நிறுவனத்தின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

ஸ்ரீ இலக்க வாகனம் (இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய வாகனம்) வைத்திருப்பவர்களுக்கு அலைச்சல் இன்னும் கூட. மாமாவோடு நானும் இங்குள்ள மோட்டார் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். "ஃபைல் கொழும்பிலை, அங்கை கேளுங்கோ" என்றார்கள். கொழும்பில் கேட்டால் "உங்கட மாவட்டத்திலை பரிசோதிச்சுக் கொண்டு வாங்கோ." திரும்ப இங்கே வந்தால் "கொழும்புக் கடிதம் இல்லாமல் பரிசோதிக்க ஏலாது." இரண்டு கதவுக்கு நடுவில் ஒரு மனிதனின் தொழில் நின்றது. ஒருவரும் கோபமாகப் பேசவில்லை. ஒருவரும் எழுதியும் தரவில்லை.

அந்த எழுத்தைக் கேட்டு வாங்குவதுதான் முழு வேலையும். வாய்ப்பேச்சை நம்பி வீடு திரும்ப வேண்டாம். இப்போதைய ரயர் அளவு, போட விரும்பும் அளவு, எத்தனை அங்குலம் உயர்த்தப் போகிறீர்கள், என்ன தேவைக்கு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், வட மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ், கொழும்புக்கும் தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்க அரசியலமைப்பில் இடமுண்டு. பதிவுப் புத்தகம், அடையாள அட்டை இரண்டின் போட்டோப் பிரதியையும் இணைத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் போடுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: "எனது இன்ன திகதிக் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அவர் சொல்லியாக வேண்டும். மாமாவின் கோவை அதன் பிறகுதான் அசைந்தது.

அனுமதி வர முன்னம் ரயர் வாங்காதீர்கள். வாங்கிப் பூட்டிவிட்டுப் போய்ப் பரிசோதகரிடம் நிற்பவர், "கழற்றிக்கொண்டு வா" என்றால் இரண்டு முறை செலவழிக்கிறார்.

எவ்வளவு பெரிது தேவை என்பதையும் நிதானமாகப் பாருங்கள். 6.00-16 ரயரின் (6 அங்குல அகலம், 16 அங்குல றிம்) உயரம் ஏறத்தாழ 73 சென்ரிமீற்றர், 7.50-16 ஏறத்தாழ 81. எட்டு சென்ரிமீற்றர் கூடினாலும் டிபறன்சியல் (அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி) நிலத்திலிருந்து உயர்வது அதில் பாதிதான். ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது ஜீப் ஏறத்தாழ 67 இல் ஓடும். றிம்மும் அகலமாக வேண்டும். ஸ்பிறிங் உயர்த்துவது உடம்பைத்தான் தூக்கும், அச்சை ஒரு நூலளவும் தூக்காது. பெரிய ரயர் மட்காட்டில் உரசாமல் இருக்கவே அது. மணலுக்காக மட்டும் என்றால், ரயரில் காற்றைக் குறைத்தாலே பெரும்பாலும் ஏறிவிடும். தார் றோட்டுக்கு வந்ததும் திரும்ப அடித்துவிட வேண்டும்.

கராஜில் லொறி ஸ்பிறிங் பிளேட் இரண்டைச் சொருகித் தூக்கிவிடுவார்கள். மாமாவின் ஜீப்பையும் அப்படித்தான் செய்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் சசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஜக் வைத்துத் தூக்கியபோது முன் அச்சு கீழே தொங்கியது. பிறேக் ஹோஸ் தந்தி போல இழுபட்டு நின்றது. விரலால் தடவினேன். நுனியில் றப்பர் வெடித்து உள்நூல் தெரிந்தது. பள்ளம் ஒன்றில் சக்கரம் விழுந்திருந்தால் அறுந்திருக்கும். இரண்டு அங்குலம் உயர்த்தினாலும் நீளமான ஹோஸ், நீளமான ஷொக் அப்சோபர், புதிய யூ போல்ட் (ஸ்பிறிங்கை அச்சோடு பிணைப்பது) மூன்றையும் கேளுங்கள். பரிசோதகர் முன்னால் ஜீப் நிற்க முன்னம் இப்படித் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

அனுமதி கிடைத்த அன்றே இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் பிரதியோடு எழுதுங்கள். முகவரிடம் வாயால் சொன்னது நட்டஈடு கேட்கும் நாளில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

ரயர் வாங்கும்போது அதன் சுவரில் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019 இன் 23 ஆம் கிழமையில் செய்தது. பழைய சரக்கைப் புதிது என்று தள்ளிவிடுவார்கள். அந்த இலக்கத்தையும் ரயர் அளவையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்து, சீட்டை அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து ஜீப்புக்குள் வையுங்கள்.