பிள்ளையின் படத்தை வைத்து மிரட்டுகிறார்களா? கொழும்பில் யாரிடம் போவது, என்ன கேட்பது

ரியூஷன் வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெண் பிள்ளையின் படம் வருகிறது. முகம் அவளுடையது, கீழே யாரோ எழுதிய அசிங்கம். இல்லாவிட்டால் அவள் பெயரில் ஒரு போலி இன்ஸ்டகிராம் கணக்கு. அதுவும் இல்லாவிட்டால், அவள் நம்பி அனுப்பிய படத்தை வைத்துக்கொண்டு "இன்னொன்று அனுப்பு, இல்லையென்றால் உன் அப்பாவுக்குப் போகும்" என்று ஒருவன் மிரட்டுகிறான். இரவில் தொடங்கினால் விடிவதற்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை பார்த்து முடித்திருப்பார்கள்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? போனைப் பறித்து எல்லாவற்றையும் அழிக்கிறோம். ரியூஷனை நிறுத்துகிறோம். "வெளியே மூச்சு விடாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று இருக்கிறது" என்று பிள்ளையின் வாயை அடைக்கிறோம். குற்றம் செய்தவன் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போய்வருகிறான், தண்டனை முழுவதும் பிள்ளைக்கு. இந்தக் கட்டுரை அதைத் தடுப்பதற்காகத்தான். இலங்கைச் சட்டம் இந்தப் பிள்ளைகளுக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. அவற்றைக் கேட்கக் காசும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம், சிங்களம் தெரியவேண்டும் என்றும் இல்லை.

முதல் இலக்கம் 1929

பிள்ளைக்கு 18 வயது நிறையவில்லை என்றால் தொடங்கவேண்டிய இடம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் தொலைபேசிச் சேவைதான் 1929. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

யார் அழைக்கலாம் என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பெற்றோர்தான் அழைக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிள்ளையே அழைக்கலாம். கூடப் படிக்கும் தோழி, அக்கா, மாமி, வகுப்பாசிரியை, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரும் அழைக்கலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். தன் வீட்டுக்குச் சொல்லப் பயப்படும் பிள்ளைக்கு இந்த ஒரு வழி தெரிந்திருப்பதே பெரிய விஷயம். ஆகவே இந்த 1929 இலக்கத்தைப் பெற்றோருக்கு மட்டுமல்லாமல் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

அழைத்ததும் முறைப்பாட்டைப் பதிந்துகொள்வார்கள். விஷயத்தைப் பொறுத்து அது பொலிஸுக்கோ, நன்னடத்தைத் திணைக்களத்துக்கோ, பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கோ போகும். பதிந்ததற்கான இலக்கத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு "என்ன நடந்தது" என்று விசாரிக்க அதுதான் உதவும். விசாரிக்கத் தயங்கவும் வேண்டாம். தொடர்ந்து கேட்கிறவர்களின் கோப்புதான் மேசையில் மேலே வரும்.

18 வயது தாண்டிய பெண் என்றால் மகளிருக்கான 1938 இலக்கம் இருக்கிறது. நேரே பொலிஸுக்கும் போகலாம்.

அழிக்கும் முன் நில்லுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல முறைப்பாடுகள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான். பதற்றத்தில் அம்மா எல்லாவற்றையும் அழித்திருப்பார், அல்லது பிள்ளை வெட்கத்தில் கணக்கையே மூடியிருப்பாள். பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

முதலில் மிரட்டல் செய்திகளை ஸ்க்ரீன்ஷொட் எடுங்கள். திகதியும் நேரமும் தெரியவேண்டும். வட்ஸ்அப் என்றால் அனுப்பியவரின் தொலைபேசி இலக்கம் தெரியும்படி எடுங்கள், பெயர் மட்டும் இருந்தால் போதாது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் கணக்கு என்றால் அதன் இணைப்பை அப்படியே பிரதி எடுத்து எங்காவது சேமியுங்கள். காட்டும் பெயரை அவன் நாளைக்கே மாற்றிவிடுவான், இணைப்பு கையில் இருந்தால் தேடுவது எளிது. காசு கேட்டு அனுப்பவும் செய்திருந்தால் அந்த வங்கிச் சிட்டையையும் ஈஸி காஷ் குறுஞ்செய்தியையும் வைத்திருங்கள். அதன் பிறகு அந்தக் கணக்கை பிளாக் பண்ணலாம்.

அந்தரங்கப் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள். "ஆதாரம்" என்று சொல்லி மாமாவுக்கும் அதிபருக்கும் தெரிந்த பொலிஸ்காரருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்தப் படம் இன்னும் மூன்று போன்களில் ஏறிவிட்டது என்று அர்த்தம். போனை அப்படியே கொண்டுபோய் உத்தியோகத்தரிடம் காட்டினால் போதும்.

காசோ இன்னொரு படமோ கொடுத்தால் விட்டுவிடுவான் என்று நம்பவேண்டாம். கொடுத்தவரிடம்தான் திரும்பக் கேட்பான்.

பொலிஸ் நிலையத்தில்

பெண்கள், சிறுவர் விஷயங்களுக்கு இலங்கைப் பொலிஸில் தனிப் பணியகம் இருக்கிறது, அதன் இலக்கம் 109. பொலிஸ் நிலையங்களிலும் இதற்கென ஒரு பிரிவு இருக்கும். வாசலில் நிற்பவரிடம் முழுக் கதையையும் சொல்லவேண்டாம். "சிறுவர் மகளிர் பிரிவில் பேசவேண்டும், பெண் உத்தியோகத்தர் வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் மொழி. கொழும்பில் நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். பிள்ளை தமிழில் சொல்வாள், எதிரே இருப்பவர் சிங்களத்தில் எழுதுவார், நடுவில் அரைகுறையாக யாராவது மொழிபெயர்ப்பார், கடைசியில் வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து. "மிரட்டினான்" என்று பிள்ளை சொன்னது "சண்டை பிடித்தான்" என்று எழுதப்பட்டால் வழக்கின் தன்மையே மாறிவிடும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிருவாக மொழியாக இருக்கும் பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பொலிஸும் அதில் அடங்கும். ஆகவே தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். அந்த நேரம் இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேட்டு அப்போது போங்கள். எழுதியதை வாசித்துக் காட்டி, விளங்கிய பிறகே கையெழுத்து. இதைப் பணிவாகச் சொல்லலாம், ஆனால் விட்டுக்கொடுக்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஒரே கதையைப் பத்துப் பேரிடம் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்வது அவளை இன்னும் நொறுக்கும். சிறுவர் சாட்சியின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் பயன்படுத்த 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. பாரதூரமான விஷயமாக இருந்தால் அப்படிப் பதிய முடியுமா என்று அதிகார சபையிடம் கேளுங்கள்.

பொலிஸ் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால், அல்லது "இது சின்னப் பிள்ளைகள் விஷயம், பேசி முடியுங்கள்" என்று அனுப்பினால், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு 1960, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996. வழக்கு நீதிமன்றம் வரை போனால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவி கிடைக்கும்.

எந்தச் சட்டம்

18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். தண்டனை இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை. பாலியல் துன்புறுத்தலைச் சொல்லும் 345ஆம் பிரிவு கை வைப்பதை மட்டும் பேசவில்லை, சொல்லால் செய்வதையும் சேர்க்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம், நட்டஈடும் உத்தரவாகலாம். கடவுச்சொல்லைத் திருடிக் கணக்குக்குள் புகுந்திருந்தால் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் வரும். பாலியல் துன்புறுத்தல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும்படி பிரசுரிப்பதே 365இ பிரிவின்கீழ் தனிக் குற்றம். முறைப்பாடு செய்தால் பத்திரிகையில் பெயர் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் தனிப்பட்ட தகவலை வெளியிட்டு ஒருவரைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்குகிறது. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று ஊடகவியலாளர்களும் உரிமை அமைப்புகளும் கடுமையாக எதிர்த்த சட்டம் அது. என் அபிப்பிராயத்தில் ஒரு பிள்ளையின் முறைப்பாட்டுக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன பழைய பிரிவுகளே போதும்.

படத்தை எடுக்கவைப்பது

அந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் பண்ணுவது முதல் வேலை. 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படம் என்றால் "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பவேண்டாம். உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு அடையாளக் குறியீடு உருவாகி, அது மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற தளங்களுக்குப் போகும். வட்ஸ்அப் தனிச் செய்திகளுக்குள் இது எட்டாது. 18க்கு மேற்பட்டவருக்கு இதே மாதிரி "ஸ்டொப் என்சிஐஐ". எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால் இணையப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டை 101இல் கேட்கலாம். ஹிதவதி என்ற சேவையும் இணையத்தில் சிக்கலில் மாட்டிய பெண்களுக்குத் தமிழிலும் வழிகாட்டுகிறது.

இந்தத் தளங்களில் குறைந்தபட்ச வயது 13. வயதைக் கூட்டிப் போட்டுத் திறந்த கணக்கு என்றால், இளையோருக்கென வைத்திருக்கும் பாதுகாப்புகள் அதற்குக் கிடைக்காது. பிறந்த ஆண்டைச் சரிபார்த்துத் திருத்துங்கள்.

மனசுக்கு

கோப்பு நகர நாள் எடுக்கும். பிள்ளையின் மனசு அதுவரை காத்திருக்காது. தூக்கம் போகிறதா, சாப்பாடு குறைகிறதா, காலையில் வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தைத் தவிர்க்கிறாளா, தோழிகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாளா என்று பாருங்கள். இரண்டு வாரமாக இப்படி என்றால் "வயசுக் கோளாறு" என்று தள்ளாமல் உதவி தேடுங்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அது அங்கொடையில் இருக்கும் நிறுவகம் என்றதும் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெயரை வைத்துத் திட்டிப் பழகிய நகரம் இது. அழைப்பதென்றால் போய்ப் படுப்பது என்று ஆகாது, பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசுவது அவ்வளவுதான். 1333இலும் இலவச ஆலோசனை உண்டு. ஹோட்டன் பிளேஸில் இருக்கும் சுமித்ரயோ, மனம் நொந்தவர்கள் சொல்வதைத் தீர்ப்புச் சொல்லாமல் கேட்கும் தொண்டு அமைப்பு. பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் பிள்ளைகளுக்கான மனநல சிகிச்சை இருக்கிறது. அரச வைத்தியசாலை, ஆகவே கட்டணம் இல்லை. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு "நட்பு நிலையம்" என்ற பிரிவும் இயங்குகிறது.

"இருக்கவே பிடிக்கவில்லை" என்ற மாதிரி ஒரு வார்த்தை பிள்ளையின் வாயில் வந்தால், அவளைத் தனியே விடாதீர்கள். கோபப்படாமல் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் கூடிவிடாது. அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ்.

பள்ளிக்கூடமும் மற்றப் பிள்ளையும்

"பிள்ளையைக் கொஞ்ச நாள் வீட்டில் வையுங்கள்" என்றோ "வேறு பாடசாலை பாருங்கள்" என்றோ அதிபர் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம், பாதிக்கப்பட்டவளை ஒதுக்குவது தீர்வாகாது. பாடசாலையின் சிறுவர் பாதுகாப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் வலயக் கல்விப் பணிமனை. சர்வதேசப் பாடசாலைகள் கல்வி அமைச்சின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லை, அதனால் அங்கே வலயத்துக்குப் போய்ப் பயனில்லை. ஆனால் 1929உம் பொலிஸும் எந்தப் பாடசாலைக்கும் பொருந்தும்.

செய்தவரும் ஒரு பிள்ளையாகவே இருக்கக்கூடும். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு 12 வயதுக்குக் குறைந்தவர்மீது குற்றப் பொறுப்பு இல்லை. 12க்கும் 14க்கும் இடையில் என்றால் அந்தப் பிள்ளைக்கு விளங்கும் பக்குவம் இருந்ததா என்று நீதிவான் பார்ப்பார். அதற்கு மேல் பொறுப்பு உண்டு, பொதுவாகச் சிறுவர் நீதி முறையில் கையாளப்படும். உங்கள் மகன் அந்தப் படத்தை ஃபோர்வர்ட் பண்ணியவர்களில் ஒருவன் என்று தெரியவந்தால், அவன் யார் யாருக்கு அனுப்பினான் என்று கேட்டு எழுதி, அவனையும் கூட்டிக்கொண்டு நீங்களே பொலிஸ் நிலையத்துக்கோ அதிகார சபைக்கோ போங்கள். படம் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து நிறுத்த அந்தப் பட்டியல்தான் வேண்டும்.