துடைத்தால் போகாது

நியூட்ரான்களைப் பாய்ச்சும் கருவியான நியூட்ரான் ஜெனரேட்டரின் அறைக்குள் நாள் முழுவதும் கிடந்த அலுமினியக் கவ்வி ஒன்றை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் மூன்று முறை துடைத்துவிட்டு, “ஸ்வைப் சோதனையில் ஒன்றும் வரவில்லை, சார்” என்று சொல்லி, லேத் பட்டறைக்கு அனுப்ப என் கையொப்பம் கேட்டார் ஒருவர். இந்த ஆண்டில் இப்படி வந்து நிற்பவர் இவர் மூன்றாமவர்.

ஸ்வைப் சோதனையில் எதுவும் வராததில் வியப்பில்லை. பரப்பைத் துடைத்தெடுத்து அதில் கதிரியக்கம் உண்டா என்று பார்க்கும் அந்தச் சோதனை, மேலே ஒட்டிய கதிரியக்கத் தூசியைத்தான் காட்டும். 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான் மோதும்போது அலுமினிய அணுக்கரு ஆல்பா துகளை உமிழ்ந்து, 15 மணி நேர அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) கொண்ட கதிரியக்கச் சோடியம்-24 ஆகிறது; அது இருப்பது உலோகத்துக்குள்ளேயே. பாத்திரத்தில் படிந்த கரியைத் தேய்த்துப் போக்கலாம். பித்தளைக்குள் கலந்திருக்கும் துத்தநாகத்தைத் தேய்த்துப் போக்க முடியுமா? அந்தக் கவ்வியை லேத்தில் கடைந்தால்தான், உள்ளே அடங்கியிருந்தது சீவலாகவும் தூளாகவும் வெளியேறி, நீங்கள் தேடிய அந்த ஒட்டும் தூசியாகவே மாறும்.

அளப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அலுமினியத்தில் உருவாகும் மெக்னீசியம்-27 காமா நிறமாலையில் (வெளிவரும் காமா கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில்) 844 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும், இரும்பில் உருவாகும் மாங்கனீசு-56 அதனருகே 847-இலும் கோடு காட்டும். முன்னதன் அரை ஆயுள் ஒன்பதரை நிமிடம், பின்னதற்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி அளக்காமல், முதல் நிறமாலையை மட்டும் பார்த்து “இரும்பு கலந்துள்ளது” என்று அறிக்கை எழுதியவர்களை நான் அறிவேன். ஜெனரேட்டரை நிறுத்திய நேரத்தையும் எண்ணத் தொடங்கிய நேரத்தையும் குறிக்காத அளவீட்டை என் மேசைக்குக் கொண்டுவராதீர்கள்.

துருப்பிடிக்காத எஃகு இன்னும் தொல்லை. அதிலுள்ள நிக்கலிலிருந்து 71 நாள் அரை ஆயுளுடைய கோபால்ட்-58-உம், 5.27 ஆண்டு அரை ஆயுளுடைய கோபால்ட்-60-உம் பிறக்கின்றன. இரும்பிலிருந்து வரும் இரும்பு-55 உமிழ்வதோ மிகத் தாழ்ந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிர். சாதாரண கெய்கர் கருவி அதைப் பெரும்பாலும் கவனிக்காது. ஆகவே கருவி பேசாமல் இருப்பதையே சான்றிதழாக நீட்டாதீர்கள்.

ஸ்பானர், கைக்கடிகாரம், பேனா எதையும் உள்ளே விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே இருந்த பொருள் எதுவாயினும், பதிவேட்டில் எழுதாமல் வாசலைத் தாண்டக் கூடாது. அந்தக் கவ்விக்கு என்ன அவசரம்? ஈயச் செங்கல்களுக்குப் பின்னால் 10 நாள் கிடந்தால் சோடியம்-24 அறுபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதன்பின், காமா கதிர்களின் ஆற்றலைத் துல்லியமாகப் பிரித்தறியும் ஜெர்மானியம் டிடெக்டரில் வைத்து, உலோகக் கலவையின் மற்ற தனிமங்கள் கதிரியக்கம் எதையாவது விட்டுவைத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, நானே கையொப்பமிடுகிறேன்.