டைரக்டரி சர்வர் – அடைவு வழங்கி

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஃபயர்வால் (வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தும் காவல்) அமைக்க உட்காருபவர் 'டைரக்டரி சர்வர்' என்ற பகுதியில் குழம்புவது இயல்பு. டைரக்டரி என்றால் கோப்புகளைப் போட்டு வைக்கும் இடம் என்றுதான் கணினியில் பழகியிருக்கிறோம். இங்கே பொருள் வேறு. பழைய டெலிபோன் டைரக்டரிக்கு நெருக்கமானது. யார் வேலை செய்கிறார்கள், எந்தப் பிரிவு, பயனர்பெயர் என்ன, எந்தக் குழு என்பதையெல்லாம் முறைப்படி வைத்திருந்து, கேட்டால் பதில் சொல்லும் கணினி. உள்ளே வருபவர் யார் என்று ஃபயர்வால் இதனிடம்தான் கேட்கும்.

நேராக்கு, வழிகாட்டு என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் 'டைரக்டரி'. கணினி வலையமைப்புக்கான அடைவுத் தரமான எக்ஸ்.500 1988இல் வந்தது. அது கனமாக இருந்ததால், 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அடைவிடம் கேட்டுப் பதில் பெறுவதற்கான, இலகுவான எல்டாப் (LDAP) நெறிமுறை உருவானது. விண்டோஸ் 2000உடன் வந்த மைக்ரோசாஃப்ட்டின் அடைவான ஆக்டிவ் டைரக்டரியும் எல்டாப்பில் கேட்டால் பதில் தரும்.

தமிழில் 'அடைவு' என்பதே சரியான சொல். அடைவு என்றால் முறை, ஒழுங்கு. சொல்லடைவு, நூலடைவு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். 'கோப்பகம்' என்று எழுதினால் பழைய குழப்பம் அப்படியே தொடரும். நுழைபவர் உண்மையில் அவர்தானா என்று பார்க்கும் 'ஆதென்டிகேஷன்' என்பதற்கு 'அடையாளச் சரிபார்ப்பு' போதும். எதைத் திறக்கலாம் என்ற அனுமதி அதற்கு அப்புறம் வருவது.

அடைவில் விவரங்கள் மரம்போலக் கிளை கிளையாக இருக்கும். ஃபயர்வாலின் அமைப்புப் பக்கத்தில் கேட்கும் 'பேஸ் டிஎன்' என்பது தேடலைத் தொடங்கும் கிளை. மெர்ச்சண்டைசிங் கிளையை மட்டும் கொடுத்தால், கணக்குப் பிரிவில் இருப்பவர் சரியான கடவுச்சொல் போட்டாலும் உள்ளே வர முடியாது. 'பைண்ட்' கணக்கு என்பது ஃபயர்வால் அடைவுக்குள் நுழைந்து தேடுவதற்கானது. அதற்குப் படிக்கும் உரிமை போதும். அட்மின் கணக்கைக் கொடுக்கவே கூடாது. பயனர்பெயர் எந்தப் புலத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்: ஆக்டிவ் டைரக்டரியில் 'சாம்அக்கவுண்ட்நேம்', ஓப்பன்எல்டாப் என்ற அடைவு மென்பொருளில் பெரும்பாலும் 'யூஐடி'. எல்டாப் வழக்கமாகப் பயன்படுத்தும் இணைப்பு வாசலான 389ஆம் போர்ட்டில் மறையாக்கம் இல்லாமல் விட்டால் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகும். 636ஆம் போர்ட்டில் மறையாக்கத்துடன் இயங்கும் எல்டாப்ஸ் வைத்து, அடைவு வழங்கியின் சான்றிதழைச் சரிபார்க்கும் வசதியையும் இயக்குங்கள்.

ஆள் அடிக்கடி கம்பெனி மாறும் ஊரில் இதன் பயன் பெரிது. அடைவில் ஒருவரின் கணக்கை முடக்கினால், அடுத்த முறை அவர் விபிஎன்னில் (வெளியிலிருந்து கம்பெனி வலையமைப்புக்குள் வரும் பாதுகாப்பான வழி) நுழைய முயலும்போது ஃபயர்வாலும் மறுத்துவிடும். ஆனால் ஃபயர்வாலிலேயே தனியாக உருவாக்கிய பழைய கணக்கு அவர் பெயரில் இருந்தால், அதை நாம்தான் கையால் நீக்க வேண்டும்.