தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும்

இந்த மாதமும் அதே பேச்சு. "காண்டம் போட்டுத்தான் சார் போனேன், கிழிஞ்சிடுச்சு." வந்தவர் ஓர் ஆண், கடலூர்ப் பக்கம். ஊரில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று புதுச்சேரிக்கு பஸ் ஏறியிருக்கிறார். வாரக் கடைசியில் வெளியூரிலிருந்து வரும் ஆண்களிடம் காசுக்குப் போகிற தொழில். என்ன தடவினீர்கள் என்று கேட்டேன். "தேங்காய் எண்ணெய்தான் சார், வேற என்ன?"

பால்வினை நோய்ப் பிரிவில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆணுறை ரப்பர் பாலில் செய்தது. எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே ரப்பர் பலமிழந்துவிடும். நல்லெண்ணெய், வாசலின், பேபி ஆயில், கைக்குத் தடவும் கிரீம், வெண்ணெய் எல்லாம் இதே கணக்குதான். "இயற்கையானதுதானே சார்?" என்பார்கள். இருக்கட்டுமே, ரப்பருக்கு அது தெரியுமா? நம்பாதவர்கள் ஓர் ஆணுறையை ஊதி முடிச்சுப் போட்டு, விரலில் எண்ணெய் தொட்டு ஒரே இடத்தில் தேய்த்துப் பாருங்கள். சற்று நேரத்தில் பட்டென்று வெடிக்கும். இதைச் செய்தது நீங்கள், பழி மட்டும் அரசு தரும் இலவச ஆணுறையான நிரோத்துக்கு! 1968-லிருந்து நாடு முழுக்கப் போய்க்கொண்டிருக்கும் சரக்கு அது. "கவர்மென்ட் காண்டம் மட்டம்" என்று சொல்லி, விலை உயர்ந்ததை வாங்கி அதிலும் எண்ணெய் தடவுகிறவர்களை என்ன செய்வது? இன்னும் சிலர் இரண்டைச் சேர்த்து மாட்டுகிறார்கள். ஒன்றோடொன்று உரசி இரண்டும் போகும். ஒன்று போதும் ஐயா.

வழுவழுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசனவாயில் தானாக ஈரம் சுரக்காது, எச்சில் உடனே காய்ந்துவிடும். அதனால் தண்ணீரில் செய்த ஜெல்லி கட்டாயம் வேண்டும். மருந்துக்கடையில் கே.ஒய். ஜெல்லி என்று கேளுங்கள். தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆணுறையோடு சேர்த்து இலவசமாகவும் தருவதுண்டு. மருந்துக்கடைத் தம்பிகளே, கேட்கிறவரை மேலும் கீழும் பார்க்காதீர்கள். உங்கள் பார்வைக்குக் கூசித்தான் பலர் சமையலறைப் பாட்டிலை எடுக்கிறார்கள்.

அப்புறம் அந்த ஐந்நூறு ரூபாய். "போடாம இருந்தா சேர்த்துத் தர்றேன்" என்கிற வாடிக்கையாளர். உங்களுக்கு அது வாடகைப் பணம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உங்களிடம் கேட்டவர் போன வாரம் இன்னொருவரிடமும் இதையேதான் கேட்டிருப்பார். டீசன்ட்டாக இருந்தார், காரில் வந்தார், கல்யாணமானவர் என்பதெல்லாம் ரத்தப் பரிசோதனை ஆகாது. பேரத்தை முதலிலேயே, அவர் குடிப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். ஆணுறை உங்கள் கையில் இருக்கட்டும், ஆனால் பின்பாக்கெட் பர்ஸில் நாள்கணக்கில் வைத்துச் சூடாக்காதீர்கள்.

கிழிந்துவிட்டதா? அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஹெச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள், ஒரு நாளும் விடாமல். என்னிடம் வந்தவர் பத்தாம் நாள் வந்தார். அதற்கு மேல் பரிசோதனைதான், காத்திருப்புதான்.

அறிகுறி ஒன்றும் தெரியவில்லையே என்றும் இருந்துவிடாதீர்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோயில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாகவே ஆறிவிடும், நோய் மட்டும் உள்ளே தங்கிவிடும். ஆரம்பத்தில் வந்தால் பென்சிலின் ஊசியில் தீர்கிற விஷயம். ஆசனவாயில் வரும் கொனோரியா பலருக்கு அறிகுறியே காட்டாது. என்ன வகை உறவு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முன்பக்கத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவோம். (கேட்கவே கூச்சப்படும் மருத்துவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அது எங்கள் குறை.)

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐ.சி.டி.சி. என்கிற ஹெச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதற்கு நம்பிக்கை மையம் என்று பெயர். காசு வாங்க மாட்டார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் ஹெச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பக்கத்தில் மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது.