உத்தேச வருமானம்: யாருடைய உத்தேசம்?

சிறு வணிகர் கணக்குப் புத்தகம் எழுதாமல், விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் காட்டி வருமான வரி கட்டும் முறை ஒன்று உண்டு. கடைத்தெருவில் இதற்கு 'எட்டு சதவீத ஸ்கீம்' என்று பெயர். ஆடிட்டர் அலுவலகங்களில், வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, 'நாற்பத்து நாலு ஏடி'. ஆங்கிலத்தில் 'பிரிசம்ப்டிவ் இன்கம்'. தமிழில் எழுதுகிறவர்கள் உத்தேச வருமானம், அனுமான வருமானம், ஊக வருமானம் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். இவற்றில் எது பொருத்தம் என்பது அகராதிக்காரர்களின் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. சிறு வணிகர்களுக்குக் கணக்கு பார்ப்பவர்கள் அன்றாடம் அவிழ்க்கும் சிக்கல்களில் பல, இந்தச் சொல்லை வாடிக்கையாளர் தவறாக வாங்கிக்கொண்டதில்தான் தொடங்குகின்றன.

வேர் இலத்தீன். 'பிரே' என்றால் முன். 'சூமரே' என்றால் எடுத்துக்கொள்ளுதல். சான்று கைக்கு வருவதற்கு முன்பே ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொள்வது 'பிரிசம்ப்ஷன்'. சட்ட மொழியில் இது மிகப் பழகிய சொல். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதி என்றே நீதிமன்றம் கொள்கிறதே, அது இந்த வகைதான். அதில் இரண்டு கூறுகள் உண்டு. அப்படிக் கொள்வது சட்டம். வழக்கில் நிற்பவர் அல்லர். மாற்றுச் சான்று வந்தால் அப்படிக் கொண்டது விலகிவிடும். வருமான வரிச் சட்டம் இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

1994இல் இந்த முறை வந்தபோது கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கும் லாரி உரிமையாளர்களுக்கும் மட்டுமே இருந்தது. சில்லறை வணிகர்கள் பிறகு சேர்ந்தார்கள். 2009ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 44ஏடி பிரிவை விரித்து எழுதி, பெரும்பாலான சிறு தொழில்களுக்குப் பொதுவாக்கியது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், அதில் 8 சதவீதம் லாபம் என்று சட்டம் வைத்துக்கொள்ளும். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 3 கோடி. கணக்குப் புத்தகம் எழுத வேண்டிய கட்டாயமும் தணிக்கையும் இல்லை.

'வைத்துக்கொள்ளும்' என்று எழுதும்போதே தமிழ் தானாக வழிக்கு வந்துவிடுகிறது. 'அவனிடம் பத்து ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்' என்று பள்ளிக்கூடக் கணக்கில் சொல்கிறோம். இலத்தீனில் எடுத்துக்கொள்ளுதல், தமிழில் வைத்துக்கொள்ளுதல். இரண்டிலும் உள்ள 'கொள்' கவனிக்கத்தக்கது.

'உத்தேசம்' அப்படி இல்லை. வடமொழி 'உத்தேச'த்துக்குச் சுட்டிக் கூறுதல், நோக்கம் என்ற பொருள்கள் உண்டு. 'ஊருக்குப் போக உத்தேசித்திருக்கிறேன்' என்னும்போது அந்த நோக்கப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'உத்தேசமாக நூறு பேர் வந்திருப்பார்கள்' என்னும்போது ஏறத்தாழ என்ற பொருள் வந்துவிடுகிறது. இந்த இரண்டாம் பொருளை வைத்துக்கொண்டு உத்தேச வருமானம் என்றால், கேட்கிற கடைக்காரர் என்ன நினைப்பார்? 'நான் குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னால் போதும்' என்று நினைப்பார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உத்தேசம் அவருடையது அன்று. சட்டத்துடையது. அவர் குத்துமதிப்பாகச் சொல்ல இடமில்லாத ஒன்று உண்டு என்றால் அது விற்பனைத் தொகை. ஜிஎஸ்டி படிவத்தில் ஒரு விற்பனை, வருமான வரிப் படிவத்தில் வேறொரு விற்பனை என்று இருந்தால் கேள்வி வரும். ஒப்பந்த வேலைகளுக்கு வரிப் பிடித்தம் செய்தவர்கள் காட்டிய முழுத் தொகையும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் இருக்கும். கைக்கு வந்த நிகரத் தொகையை விற்பனையாகப் போடும் பிழையை அலுவலகத்துக்குப் புதிதாக வந்த உதவியாளர்கள் செய்துவிடக்கூடும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

'ஊகம்' என்ற சொல்லை உறுதியாக விலக்கலாம். ஊக வணிகம் என்றால் பங்குச் சந்தையில் பொருள் கைமாறாமல் நடக்கும் வாங்கல் விற்றல். அந்த வருமானத்துக்கு வருமான வரியில் தனி இலக்கணம், தனி விதி இருக்கிறது. 'ஊக வருமானம்' என்று எழுதிவிட்டால் மளிகைக் கடைக்காரரும் தினசரி வர்த்தகம் செய்கிறவரும் ஒரே தலைப்பில் வந்து நிற்பார்கள்.

'மதிப்பு' நல்ல சொல்தான். ஆனால் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் மரம் மரமாக நடந்து, காய்ப்பைப் பார்த்துத் தொகை சொல்வதுதான் கண்மதிப்பு. சட்டம் மரத்தையே பார்ப்பதில்லை. காய்த்ததா, பூச்சி விழுந்ததா என்ற கேள்வி அதற்கு இல்லை. தவிர, 'அசெஸ்மென்ட்' என்பதற்கு மதிப்பீடு என்ற சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

மிச்சம் அனுமானம். புகையைப் பார்த்து நெருப்பு உண்டு என்று கொள்ளும் அளவை, அதாவது அறியும் வழி, அது. விற்பனையைப் பார்த்து லாபம் உண்டு என்று கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வடமொழியில் இல்லை. இதற்கே தமிழில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. மணிமேகலையில் அளவைகள் வரிசையாகச் சொல்லப்படும் இடத்தில் காண்டலை அடுத்து வருவது 'கருதல்'. சட்டத் தமிழிலும் 'எனக் கருதப்படும்' என்ற தொடர் நிலைத்துவிட்டது. ஆகவே 'கருது வருமானம்' என்று வினைத்தொகையாகச் சொன்னால் பொருளும் வழுவாது, நீளமும் குறைவு. என் வாக்கு இதற்குத்தான். பழகும்வரை அனுமான வருமானம் என்று எழுதுவதில் குற்றமில்லை.

ஆனால் 'உத்தேச வரி', 'அனுமான வரி' என்று 'வரி'யை ஒட்டுவது குற்றம். சட்டம் கருதுவது வருமானத்தை. வரி அதன்மேல் வழக்கமான விகிதப்படி வருகிறது. 90 லட்சம் விற்பனை உள்ள ஒருவர், '8 சதவீத வரி என்றால் 7 லட்சத்து 20 ஆயிரம் கட்ட வேண்டுமா?' என்று பதறுவது இந்தச் சொல்லின் விளைவு. ஜிஎஸ்டியில் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடுதல். அங்கே வணிகருக்கு விற்பனையில் 1 சதவீதம் என்பது உண்மையிலேயே வரி. ஒரே மனிதர் இரண்டு முறைகளிலும் இருக்கும்போது, ஒன்றில் சதவீதம் வரியாகவும் மற்றொன்றில் லாபமாகவும் இருப்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

அந்தத் தாளில் இன்னொரு பிரிப்பும் வேண்டும். வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ வந்த விற்பனைக்கு 8 அல்ல, 6 சதவீதம் போதும். மேற்சொன்ன 90 லட்சத்தில் 60 லட்சம் யுபிஐயிலும் காசோலையிலும் வந்து, 30 லட்சம் ரொக்கமாக வந்திருந்தால், கருதப்படும் லாபம் 3.6 லட்சமும் 2.4 லட்சமும் சேர்ந்து 6 லட்சம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், வேறு வருமானம் இல்லாத தனிநபருக்கு வரியே வராது. பதறியவர் இப்போது சிரிப்பார். அந்தச் சலுகை பங்குதாரர் நிறுவனத்துக்குக் கிடையாது என்பதை, அப்படி ஒன்று நடத்தும் அவருடைய தம்பியிடம் சொல்ல மறக்கக் கூடாது. நிறுவனத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்.

ரொக்கமாக வாங்கிய பணத்தை மாலையில் வங்கியில் கட்டிவிட்டால் அது 6 சதவீதத்துக்குள் வராது. பொருள் வாங்கியவர் பணத்தை எப்படிக் கொடுத்தார் என்பதே கணக்கு. மறுபுறம், மார்ச்சில் கடனுக்கு விற்றதற்குப் படிவம் தாக்கல் செய்யும் கெடு தேதிக்குள் யுபிஐயில் பணம் வந்தால், அதற்கும் 6 சதவீதம் பொருந்தும். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

லாபத்தை வைத்துக்கொண்டாயிற்று என்றால் செலவுகளையும் வைத்துக்கொண்டாயிற்று என்று பொருள். கடை வாடகை, சம்பளம், மின்கட்டணம் எதையும் மறுபடி கழிக்க முடியாது. தேய்மானமும் கழிக்கப்பட்டதாகவே கருதப்படும். இதன் விளைவு பின்னால் தெரியும். சில ஆண்டுகள் கழித்து வழக்கமான கணக்குக்கு மாறும்போது, இயந்திரத்தின் மதிப்பை வாங்கிய விலையிலிருந்து தொடங்க முடியாது; இடையிலான ஆண்டுகளின் தேய்மானத்தைக் கழித்த மதிப்பில்தான் தொடங்க வேண்டும். எனவே ஆண்டுதோறும் அந்தக் கணக்கை அலுவலகக் கோப்பிலாவது எழுதிவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பங்குதாரர்களுக்குத் தரும் சம்பளத்தையும் வட்டியையும் கழிக்கும் வசதி 44ஏடியில் முன்பு இருந்தது. 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டது.

8 சதவீதம் என்பது சட்டம் கொள்ளும் குறைந்த அளவு. அதற்கு மேல் ஈட்டியிருந்தால் மேல்தொகையைக் காட்ட வேண்டும். வங்கிக் கணக்கில் 20 லட்சம் மிஞ்சியிருக்க, 6 லட்சத்தை மட்டும் காட்டி, அடுத்த ஆண்டு வீடு வாங்குகிறவருக்கு 'அந்தப் பணம் எங்கிருந்து?' என்ற கேள்வி வரத்தான் செய்யும். வீட்டுக் கடனுக்கு வங்கி பார்ப்பதும் அந்த 6 லட்சத்தைத்தான்.

சான்று காட்டி விலகும் உரிமை பற்றிச் சொன்னேன். லாபம் உண்மையிலேயே குறைவு என்றால் கணக்குகளோடு அதைக் காட்டலாம். ஆனால் 44ஏடியில் அதற்கு விலை உண்டு. இந்த முறையைத் தேர்ந்தவர் அடுத்த 5 ஆண்டுகளுக்குள் விலகினால், அதன்பின் 5 ஆண்டுகள் திரும்பி வர முடியாது. 2025-26இல் விலகியவருக்கு 2030-31 வரை கதவு மூடியிருக்கும். வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் உண்டு. ஒரு மோசமான ஆண்டின் வரியை மிச்சப்படுத்த விலகுவதா என்பதை ஐந்து ஆண்டுத் தணிக்கைக் கட்டணத்தோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்றோருக்கான 44ஏடிஏவில் இந்த ஐந்தாண்டுப் பூட்டு இல்லை. அங்கே வரவில் பாதியை லாபம் என்று சட்டம் கொள்ளும். வரம்பு 50 லட்சம். ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். தரகும் கமிஷனும் வாங்குகிறவர்கள் 44ஏடிக்குள் வர முடியாது. காப்பீட்டு முகவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கும் இடமில்லை.

கருதுதல் என்ற சொல்லின் முழு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நாமக்கல் லாரி உரிமையாளர்களின் 44ஏஇக்குப் போக வேண்டும். பத்து வண்டிகளுக்கு மேல் இல்லாதவர்களுக்கு இது. 12 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி என்றால் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். மற்ற வண்டிகளுக்கு மாதம் 7,500. 28 டன் வண்டிக்கு ஆண்டுக்கு 3,36,000 ரூபாய் லாபம் என்று சட்டம் கருதும். வண்டி ஓடியதா என்று அது கேட்பதில்லை. மூன்று மாதம் பட்டறையில் நின்றாலும் கணக்கு ஓடும். சொந்தமாக இருந்தால் போதும். இங்கே மட்டும் பங்குதாரர் சம்பளத்தையும் வட்டியையும் கழிக்கலாம்.

முன்கூட்டிய வரியிலும் லாரிக்காரர் தனிதான். 44ஏடி, 44ஏடிஏ முறையில் இருப்பவர்கள் முழுத் தொகையையும் மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டலாம். லாரிக்காரருக்கு வழக்கமான நான்கு தவணைகள். மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டிய வரி இல்லை என்று கேள்விப்பட்டுச் சும்மா இருந்துவிடும் அறுபத்தைந்து வயதுக் கடைக்காரர்களும் உண்டு. அந்த விலக்கு தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு. கருதப்பட்ட வருமானமும் தொழில் வருமானமே.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இந்த மூன்று பிரிவுகளும் 58ஆம் பிரிவுக்குள் ஒன்றாகிவிட்டன. 2025-26 நிதியாண்டுப் படிவங்களுக்குப் பழைய எண்களே பொருந்தும். 'நாற்பத்து நாலு ஏடி' என்று சொல்லிப் பழகிய அலுவலகங்களில் எண் மாறுகிற இந்த வேளையில், பெயரையும் சேர்த்தே மாற்றிக்கொள்ளலாம்.