இரத்தம் கொதிப்பதில்லை

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கும் பெரியம்மா மூன்று வாரமாகப் பிரசர் குளிசை விழுங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, கிளினிக்கில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தை எடுத்து நீட்டினார். மேலே கொட்டை எழுத்தில் ‘இரத்தக் கொதிப்பு’. “எனக்கு இப்போது கோபமே வருவதில்லை மகன், பிறகு எங்கே கொதிப்பு?” தணிவதற்கென்று நாளுக்கொரு செவ்விளநீர் வேறு.

அந்தச் சொல்லைப் போட்டவர்மீதுதான் எனக்குக் கொதிப்பு.

‘பிரசர்’ லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். அமுக்குதல் என்று பொருள். நாடிக் குழாயின் சுவரைக் குருதி எவ்வளவு அமுக்குகிறது என்பதே அளவு. இலங்கைப் பாடநூல்களில் அது குருதியமுக்கம். குருதி சங்கப் பாட்டிலேயே உண்டு, இரத்தம் வடமொழி. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

கொதிப்பு எங்கிருந்து வந்தது? பிரசர் 120/80 இருந்தாலும் 180/110 இருந்தாலும் குருதியின் சூடு ஏறத்தாழ 37 பாகைதான். சூடே இல்லாத இடத்தில் அடுப்பு மூட்டியவர் மொழிபெயர்ப்பாளர். பிரசர் குறைந்து தலை சுற்றுகிறவருக்கு என்ன எழுதுவார், இரத்தக் குளிர்ச்சி என்றா?

‘இரத்த அழுத்தம்’ பரவாயில்லை என்பார்கள். பொருள் பிழையில்லைதான். ஆனால் ‘மன அழுத்தம்’ பக்கத்திலேயே நிற்பதால், கவலை இல்லாவிட்டால் நோயும் இல்லை என்று ஆட்கள் எண்ணிவிடுகிறார்கள். அமுக்கத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பில், கார்த்திகை மழை நாளில் வானொலி ‘தாழமுக்கம்’ என்றால் தோணிக்காரருக்கும் விளங்கும். தாழ் குருதியமுக்கம் மட்டும் விளங்காதா? தமிழகத் தொலைக்காட்சியைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு இது தெரியப்போவதில்லை.

சொல் சரியாக இருந்தால் உடலின் வேலையும் விளங்கும். பெரியம்மா தேங்காய்த் திருவலையை விட்டு எழும்பும்போது அரை லீட்டரளவு குருதி கீழே இறங்கிவிடுகிறது. கழுத்து நாடியின் சுவரில் இருக்கும் அமுக்கவாங்கிகள், சுவரின் இழுவை தளர்ந்ததை உடனே மூளைக்குத் தெரிவிக்கின்றன. சில நொடிகளில் இதயம் விரைகிறது, குருதிக் குழாய்கள் ஒடுங்குகின்றன, அமுக்கம் மீள்கிறது. மெதுவான வேலை சிறுநீரகத்துடையது: அமுக்கம் குறைந்தால் ரெனின் என்ற நொதியம் சுரந்து, உப்பையும் நீரையும் உடலில் தங்கவைக்கும். கருவாட்டைக் குறைக்கச் சொல்வது இந்த உப்புக் கணக்கினால்தான். கோபத்துக்கும் கருவாட்டுக்கும் தொடர்பில்லை.

1733இல் ஆங்கிலேயப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் வெளியிட்ட ஆய்வில், குதிரையின் நாடியில் பொருத்திய கண்ணாடிக் குழாயில் குருதி எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. பிறகு வந்த அளவுகருவிகளில் பாதரசம் ஏறியது. பெரியம்மாவும், துண்டுப்பிரசுரம் கைக்கு வருமுன், “பிரசர் ஏறிவிட்டது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.