பாசிட்டிவ் என்றால், எது இருக்கிறது?

ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையில் மூன்று வரிகள் அடுத்தடுத்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ரத்த வகை: பி பாசிட்டிவ். ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென்: நெகட்டிவ். ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிபாடி: பாசிட்டிவ். முதல் வரி நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. கண்ணின் நிறத்தைப் போல அது ஓர் அடையாளம். கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸின் தடயம் ரத்தத்தில் தென்படவில்லை என்கிறது இரண்டாவது வரி. அந்த வைரஸ் வந்தால் எதிர்கொள்ள உடல் ஆயத்தமாக இருக்கிறது என்கிறது மூன்றாவது. இதில் உள்ள இரண்டு பாசிட்டிவ்களில் ஒன்றுகூட நோயைக் குறிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

குழப்பத்துக்கு மொழியும் ஒரு காரணம். பாசிட்டிவ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'வைப்பது' என்று பொருள்படும் வினை. வைக்கப்பட்டது, நிலையாக இருப்பது, ஐயத்துக்கு இடமில்லாதது என்பதே அதன் பழைய பொருள். நல்லது, நம்பிக்கை தருவது என்ற பொருளெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. மருத்துவம் பழைய பொருளையே பிடித்துக்கொண்டது: தேடிய பொருள் இருக்கிறது. தமிழில் இதை 'நேர்மறை' என்று எழுதும்போது நேர்மறை எண்ணம், நேர்மறைப் பார்வை என்ற வாசனை எல்லாம் உடன் வந்துவிடுகிறது. 'கண்டறியப்பட்டது', 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுவதே நோயாளிக்குச் செய்யும் நியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் 'கண்டறியப்பட்டது' என்று படித்தவுடன், 'எது?' என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

ஹெபடைடிஸ் பி அந்தக் கேள்விக்கு அருமையான எடுத்துக்காட்டு. அந்த வைரஸின் வெளிப்போர்வையில் இருக்கும் புரதம்தான் மேற்பரப்பு ஆன்டிஜென். 1960களில் பாருக் பிளம்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் அதை ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்டதால், முதலில் அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்றே பெயர். 1976ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் கிடைத்தது. அந்தப் புரதம் பாசிட்டிவ் என்றால் தொற்று இருக்கிறது. அதற்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் பாதுகாப்பு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு தடுப்பூசியால் வந்ததா, நோய் வந்து குணமானதால் வந்ததா என்பதையும் கண்டுபிடிக்கலாம். தடுப்பூசியில் வெளிப்போர்வைப் புரதம் மட்டுமே இருக்கிறது. ஆகவே தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் தென்படும். உண்மையான வைரஸைச் சந்தித்தவரிடம் அதன் உட்கருப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியும் சேர்ந்து தென்படும்.

ரத்த வகையில் வரும் பாசிட்டிவ் இதைவிட எளிது. அது ஆர்எச் என்ற வகையைக் குறிக்கிறது. 1940இல் லாண்ட்ஸ்டைனர், வீனர் என்ற இரு ஆய்வாளர்கள் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வந்த பெயர் அது. சிவப்பணுவின் மேல் டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். ரத்தம் ஏற்றும்போதும் கருவுற்ற காலத்திலும்தான் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

இருக்கிறது, இல்லை என்று இரண்டே பதில்கள் கிடைத்தாலும் இயற்கை அப்படிக் கறாராகப் பிரிந்து நிற்பதில்லை. எங்கே கோடு கிழிப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ பரிசோதனையில், முன்கையின் தோலுக்குள் சிறிதளவு மருந்தைச் செலுத்தி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அங்கே தடித்திருக்கும் மேட்டை அளக்கிறார்கள். சிவந்திருப்பது கணக்கில் வராது, தடிப்பு மட்டுமே கணக்கு. எச்ஐவி தொற்று உள்ளவருக்கு 5 மில்லிமீட்டர் தடிப்பே பாசிட்டிவ். எந்த ஆபத்துக் காரணமும் இல்லாதவருக்கு 15 மில்லிமீட்டர் வேண்டும் என்று சில நாடுகளின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 8 மில்லிமீட்டர் தடிப்பு ஒருவருக்குப் பாசிட்டிவ், அடுத்தவருக்கு நெகட்டிவ்!

கோட்டைத் தாழ்த்தினால் நோயுள்ளவர் எவரும் தப்ப மாட்டார். நோயில்லாதவர் பலரும் சேர்ந்து சிக்குவார்கள். உயர்த்தினால் இதற்கு நேர் எதிர். இந்த இழுபறியை அளக்கும் இரண்டு அளவுகளை 1947இல் யாக்கோப் எருஷால்மி என்ற புள்ளியியலாளர் மார்பு எக்ஸ்ரே ஆய்வின்போது வரையறுத்தார். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது உணர்திறன். நோயில்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது தனித்தன்மை.

இரண்டும் 99 சதவீதம் உள்ள ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். மிகத் துல்லியமான சோதனைதான். ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் நோய்க்காக 10,000 பேரைச் சோதிக்கிறோம். நோயுள்ள 10 பேரும் அநேகமாகப் பிடிபடுவார்கள். மீதி 9,990 பேரில் ஒரு சதவீதம், அதாவது சுமார் 100 பேர், நோயில்லாமலே பாசிட்டிவ் ஆவார்கள். மொத்தம் 110 பாசிட்டிவ். அவர்களில் உண்மையான நோயாளிகள் 10 பேர். பதினோரு பேரில் ஒருவர்! சோதனையில் எந்தக் குறையும் இல்லை. நோய் அரிதாக இருப்பதால்தான் இப்படி ஆகிறது. அறிகுறிகளுடன் வந்தவர்களை மட்டும் அதே கருவியால் சோதித்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். இரண்டாவது சோதனை எழுதிக்கொடுக்கும் மருத்துவர் பணம் பிடுங்குகிறார் என்று சந்தேகப்படுபவர்களிடம் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும்.

நெகட்டிவ் என்ற பதிலுக்கும் எல்லை உண்டு. எச்ஐவி தொற்றிய பிறகு, கண்டறியக்கூடிய அளவுக்கு ஆன்டிபாடி உருவாகச் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் ஆன்டிபாடி சோதனை 'இல்லை' என்று சொன்னால், அது ஆன்டிபாடி இன்னும் இல்லை என்பதாகத்தான் இருக்கலாம். வைரஸ் அதற்குள் உடலுக்குள் வந்திருக்கக்கூடும்.

மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் இந்தச் சொல் எடுக்கும் உருவம் என்னை எப்போதும் நெகிழச் செய்கிறது. புற்றுநோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த பிறகு, அந்தக் கட்டியில் எந்தெந்த ஏற்பிகள், அதாவது வளரச் சொல்லும் செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரதங்கள், இருக்கின்றன என்று தேடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் என்றால், அந்தச் செல்கள் வளர ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் துணை செய்கிறது. தமாக்சிஃபென் என்ற மாத்திரை அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து ஹார்மோனுக்கு இடம் கிடைக்காமல் செய்யும். ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும் கட்டிகள் வேகமாக வளர்பவை. ஒரு காலத்தில் ஹெர்2 பாசிட்டிவ் என்பது பெரிதும் அஞ்சவைத்த முடிவு. 1998இல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் புரதத்தையே தேடிப் பிடித்துப் பற்றிக்கொள்ளும் மருந்து அது. கட்டியின் ஆபத்தான அடையாளமே மருந்துக்கு இலக்காகிவிட்டது.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பி, ஹெர்2 ஆகிய மூன்றுமே நெகட்டிவ் என்று வரும் கட்டிகளும் உண்டு. ஹார்மோன் மாத்திரைக்கும் ஹெர்2 மருந்துக்கும் அங்கே பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. பெரும்பாலும் கீமோதெரபியையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்த அறிக்கையைப் பிரித்து, வரிசையாக மூன்று நெகட்டிவ்களைப் பார்த்து ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விடக்கூடும். அவர் எதிரே அமர்ந்து, எவை இல்லை என்று பொறுமையாக விளக்க வேண்டியவர் மருத்துவர்.